இந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்கும்? எங்கள் நூலகப் பரிந்துரைப் பலகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறேன். இரவல் வழங்கும் பகுதிக்குப் போகும் வழியில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகளும் நூலக ஊழியர்களும் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தையும் படத்தையும் பற்றிச் சின்னக் கார்டில் எழுதி அதில் குத்தலாம். பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள், மற்ற ஊர் நூலகங்களில் இருப்பவர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"பரிந்துரை என்றால் விமர்சனமா மிஸ்? அதெல்லாம் எங்களுக்கு எழுத வராதே."

விமர்சனம் வேண்டாம். தமிழ்ப் பாடத்துக்கு எழுதுகிற மாதிரி நயமும் வேண்டாம். டியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கூட்டாளியிடம் ஒரு கதையைச் சொல்வீர்கள் அல்லவா, அதை நான்கைந்து வரியில் எழுதினால் சரி.

நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகள் மனப்பாடம். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பலகையை இந்த இரண்டுக்காகத்தான் வைத்திருக்கிறோம். அதனால் புத்தகத்தை எவ்வளவு புகழ்ந்திருக்கிறீர்கள் என்று நான் பார்ப்பதில்லை. யாருக்குச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பேன்.

"யார் எழுதலாம்? நான் தரம் 8 தான், அங்கத்துவமும் எடுக்கவில்லை."

தாராளமாக எழுதலாம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அங்கத்துவம் தேவை. விண்ணப்பத்தில் பெற்றோரின் கையெழுத்தும் வதிவிடத்துக்கு ஓர் உறுதிப்படுத்தலும் கேட்போம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி இல்லையே என்று சில பிள்ளைகள் விண்ணப்பத்தை வாங்காமலே போய்விடுகிறார்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம் எழுதினால் எங்களுக்குப் போதும்.

கார்டு எழுத ஒரே ஒரு நிபந்தனை உண்டு. புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்க வேண்டும், படம் என்றால் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும்.

"'மிகவும் சிறந்த நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்' என்று எழுதித் தந்தேன். ஏன் பலகையில் போடவில்லை?"

அந்த வரியை எந்தப் புத்தகத்தின் மேல் ஒட்டினாலும் ஒட்டும், அதனால்தான். டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' பற்றித் தரம் 9 பிள்ளை ஒருவர் எழுதிய கார்டு இப்படி இருந்தது: "பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர்களுக்கு. முதல் நாளே ஒரு ஹெட்மாஸ்டர் இந்தப் பிள்ளை பேசுவதை நாலு மணித்தியாலம் கேட்கிறார். வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டி. சாப்பாட்டில் கடலில் இருந்து கொஞ்சம், மலையில் இருந்து கொஞ்சம் கொண்டுவரச் சொல்வார். சண்டை, மர்மம் எதுவும் இல்லை, அது தேடுகிறவர்கள் எடுக்க வேண்டாம்."

கடைசி வரியைப் பாருங்கள். யாருக்குப் பிடிக்காது என்றும் சொல்லிவிட்டார். அதனாலேயே மற்றதை நம்பத் தோன்றுகிறது. முடிவைச் சொல்லாமல், புத்தகத்துக்குள் கண்ணில் படுகிற இரண்டு மூன்று விஷயத்தை எடுத்து வைத்திருக்கிறார். 1981இல் ஜப்பானில் வெளிவந்த புத்தகம் இது, 2023இல் அனிமேஷன் படமாகவும் வந்தது. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதை எடுத்துப் போனது ரயில் பெட்டிக்காகத்தான்.

அப்புறம், ஜெல் பேனையால் எழுதாதீர்கள். பனிக் காலத்தில் கார்டு ஈரம் இழுத்து மை பரவிவிடுகிறது. போல்பொயின்ற் பேனை நிற்கும்.

"எங்க தோட்டத்து ஆட்களைப் பற்றின கதை இருக்கா? எடுக்கிறதெல்லாம் மெட்ராஸ், மதுரைக் கதையாகவே இருக்கு."

1823இல் இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு முதல் தொழிலாளர்கள் வந்ததை வைத்து 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்தார்கள், தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தமிழ் இலக்கிய அலுமாரியில் 894.811 என்ற எண்ணில் தொடங்கும் வரிசைகளில் இந்தியப் புத்தகங்களுக்கு நடுவே கலந்து கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

முதலில் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதை தமிழிலும் வந்திருக்கிறது. நாவல் வேண்டும் என்றால் 'வீடற்றவன்'. அடுத்து தெளிவத்தை ஜோசப். பதுளைப் பக்கம் பிறந்து, வேலை செய்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். 2013இல் அவருக்குத் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது, 2022இல் காலமானார். சிறுகதையில் தொடங்குகிறவர்கள் 'நாமிருக்கும் நாடே' தொகுப்பை எடுக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு 'குடை நிழல்' சொல்வேன். கொழும்பில் குடியிருக்கும் மலையகத்துக்காரர் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போகும் கதை அது.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. கூலியாக வந்த குடும்பத்தைப் பெண்களின் பக்கமாக நின்று சொல்கிறது. பாட்டியோடு வளரும் பிள்ளைகள் யாராவது கேட்டால் நான் முதலில் நீட்டுவது இதைத்தான். வாசித்துவிட்டு வீட்டில் பாட்டியிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"மலையகக் கதை என்றாலே அழுகைதானே அக்கா? சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லையா?"

நியாயமான கேள்வி. ஒரே மூச்சில் மூன்று சோக நாவல் வாசித்த பிள்ளை நான்காவது புத்தகத்துக்கு வரமாட்டார். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எடுத்துப் பாருங்கள். கொழுந்து மலையில் வேலை வாங்கும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பாட்டாகக் கட்டிக் கேலி செய்திருக்கிறார்கள். நடுவிலே தாலாட்டும் ஒப்பாரியும் வரும். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் வாசிக்கலாம்.

அது தவிர, சிரிப்பதற்கு மலையகத்துப் புத்தகம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கிருந்து வந்தாலும் சிரிப்பு சிரிப்புத்தான்.

"காமிக்ஸ் பற்றி எழுதினால் கணக்கில் எடுப்பீங்களா?"

எடுப்போம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984இல் வந்த லயன் காமிக்ஸையும் வாசித்து வளர்ந்தவர்கள் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் சிலர் காமிக்ஸைப் பிடித்துத்தான் மேலே வருகிறார்கள். யாருக்கு என்று எழுதுவது மட்டும் இதற்கும் பொருந்தும்.

"பொன்னியின் செல்வன் படம் ரெண்டு பாகமும் பார்த்துட்டேன். இனி அஞ்சு புத்தகத்தை எதுக்கு வாசிக்கணும்?"

கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி வாரா வாரம் எழுதியது அது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அடுத்த வாரம் வரை காத்திருக்கிற மாதிரி ஓர் இடத்தில் நிறுத்துவார். 2022, 2023இல் வந்த இரண்டு படத்துக்குள் அவ்வளவும் அடங்காது. சேந்தன் அமுதன் படத்தில் வந்து போகிறார். புத்தகத்தில் அவர் யார் என்று தெரியும்போது கதையே திரும்பிவிடும். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஐந்தையும் பார்த்துப் பயந்தால் இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' மட்டும் எடுங்கள் என்று சில பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பெரும்பகுதி இலங்கையில் நடக்கிறது, அனுராதபுரமும் தம்புள்ளையும் வருகின்றன. சுற்றுலா போன இடம் கதையில் வந்தால் வாசிப்பு வேகம் எடுக்கும். படம் பார்த்தவர்களுக்குக் கதைத் தொடர்ச்சி விளங்கும். நாவலை வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது.

"நூலகத்தில் ஏன் மிஸ் படத்தைப் பற்றிப் போடுறீங்க? பிள்ளைகள் போனை வச்சிக்கிட்டு நாள் முழுக்க அதைத்தானே பார்க்குதுகள்."

ஒரு தந்தை கேட்டது. பார்க்கிறார்கள், உண்மைதான். போன் எதைக் காட்டுகிறதோ அதைப் பார்க்கிறார்கள். அதில் யாரும் கையைப் பிடித்து நல்ல படத்தைக் காட்டுவதில்லை.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' 1997இல் வந்த படம். தங்கச்சியின் சப்பாத்து தொலைந்துபோகிறது, வீட்டில் சொல்லப் பயம். அண்ணனின் ஒரு சோடியை இரண்டு பேரும் மாறி மாறிப் போடுகிறார்கள். அவள் காலைப் பாடசாலை முடிந்து ஓடி வந்து கழற்றித் தர, அவன் மாட்டிக்கொண்டு பின்னேரப் பாடசாலைக்கு ஓடுவான். தவணை தொடங்கும்போது சப்பாத்துக்குக் காசு எப்படிப் புரளும் என்று தெரிந்த பிள்ளைகள் பாரசீக மொழி தெரியாமலே இதைப் பார்த்து முடிக்கிறார்கள். தமிழில் 'காக்கா முட்டை' இருக்கிறது. பீட்சாவுக்கு ஆசைப்படும் இரண்டு பையன்கள், தோசைக் கல்லிலேயே பீட்சா செய்து பார்க்கும் ஆயா. சிறந்த சிறுவர் படத்துக்கான இந்திய தேசிய விருது வாங்கியது. அந்தத் தந்தையிடம் பிள்ளையோடு சேர்ந்து இதைப் பார்க்கச் சொன்னேன்.

"பரதேசி படம் நம்ம கதைதானே?"

நம் கதை மாதிரி இருக்கிறது, ஆனால் அது தமிழ்நாட்டில் வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களின் கதை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது. அதைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் எடுத்த படம் 'பரதேசி'. ஆள்கட்டும் கங்காணி, அட்வான்ஸ் காசு, தீராத கடன், கொள்ளை நோய் எல்லாம் இங்கேயும் நடந்தவை என்பதால் நம் ஆட்களுக்கு அப்படித் தோன்றுகிறது. கார்டில் எழுதும்போது இந்த விவரத்தை ஒரு வரி சேருங்கள். படத்தில் அடியும் கொடுமையும் அதிகம், அதையும் சொல்ல வேண்டும்.

இங்கே எடுத்த படம் என்றால் 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' உண்டு. அதற்கு எழுதியவர் மேலே சொன்ன தெளிவத்தை ஜோசப்தான். தமிழ்நாட்டுப் படம் இன்னொன்று, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018இல் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ஒருவர் ஒரு துண்டுக் காணி வாங்கப் பாடுபடுகிறார். மெதுவாகப் போகும், பாட்டும் சண்டையும் எதிர்பார்த்தால் தூக்கம் வரும். லயத்தில் பிறந்து சொந்தக் காணி என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தூக்கம் வராது.

"எந்த வயசுக்கு எந்தப் படம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இங்கே பார்க்கும் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வருபவை, அதனால் தொடக்கத்தில் வரும் சான்றிதழைப் பாருங்கள். முன்பு யு, யு/ஏ, ஏ என்றுதான் இருந்தது. 2024இல் யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். கார்டின் மேல் மூலையில் அதை எழுதச் சொல்கிறோம். பழைய படத்துக்கு வெறும் யு/ஏ என்று மட்டும் இருந்தால் பார்த்தவரே முடிவுசெய்து எழுத வேண்டும்: குடி இருக்கிறதா, இரத்தம் இருக்கிறதா, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா.

"நூலகத்தில் டிவி இருக்கே, சனிக்கிழமை போட்டுக் காட்டலாமே?"

ஆசைதான். ஆனால் வீட்டில் பார்ப்பதும் பொது இடத்தில் திரையிடுவதும் சட்டத்துக்கு ஒன்றல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும். குறும்படம், ஆவணப்படம் எடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டால் சிலர் மகிழ்ச்சியோடு தருவார்கள். பெரிய படங்களுக்குப் பலகையில் கார்டு போதும்.

"டெலிகிராமில் பிடிஎப் இருக்கு. லிங்க்கைக் கார்டில் எழுதலாமா?"

வேண்டாம். மேலே சொன்ன அதே சட்டம்தான், எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கும். மலையக எழுத்தாளர்கள் பலர் சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேர்வழியே நிறைய இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் பழைய இதழ்களும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, கடையில் கிடைக்காத மலையக நூல்களை நாங்களே அங்கேதான் தேடுகிறோம். கல்கியும் புதுமைப்பித்தனும் இறந்து 70 வருடம் தாண்டிவிட்டது, அவர்களின் எழுத்தை மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். இந்த இரண்டு தளத்தின் பெயரையும் கார்டில் எழுதுங்கள்.

"பெயர் போடாமல் எழுதலாமா? வகுப்பில் கிண்டல் பண்ணுவாங்க."

எழுதலாம். தரம் மட்டும் போட்டால் போதும், ஒரு புனைபெயரும் வைத்துக்கொள்ளலாம். போன் நம்பர், தோட்டத்தின் பெயர், பாடசாலையின் பெயர் எதுவும் பலகையில் வரக்கூடாது, எழுதியிருந்தால் நாங்கள் வெட்டிவிடுவோம். யார் எதை எடுத்துப் போனார் என்று கேட்டு வரும் பெற்றோர், ஆசிரியர் யாருக்கும் சொல்வதும் இல்லை.

"பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதலாமா?"

எழுதலாம், ஏன் பிடிக்கவில்லை என்று சொன்னால். 'போரடிக்குது' என்று ஒரு சொல்லில் எழுதினால், மூன்றாவது கேள்வியில் திருப்பிக் கொடுத்த கார்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. "முதல் அறுபது பக்கம் ஆட்களின் பெயரே பிடிபடவில்லை" என்று எழுதுங்கள். அதை வாசித்து இன்னொருவர் எடுக்கவும் கூடும்.

"பிள்ளை ஓ/எல் எழுதப் போகுது மிஸ். தயவுசெய்து கதைப் புத்தகம் கொடுக்காதீங்க."

உங்கள் கவலை விளங்குகிறது. தோட்டத்தில் ஒரு பிள்ளை பரீட்சை பாஸாவது முழுக் குடும்பத்துக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பரீட்சைக்கு முந்தின மாதங்களில் ஐந்து பாக நாவலை நாங்களும் நீட்டமாட்டோம். சிறுகதைத் தொகுப்பு ஒன்று கொண்டுபோகட்டும், ஒரு கதை இருபது நிமிடம். ஆனால் புத்தகமே கொடுக்காதீர்கள் என்றால் அதை நான் செய்யமாட்டேன். அங்கத்துவம் பிள்ளையின் பெயரில் இருக்கிறது.

"துன்பக்கேணி, மீன்கள் மாதிரிக் கதையைப் பிள்ளைகள் பரிந்துரைத்தால் போடுவீங்களா?"

ஓர் ஆசிரியை கேட்டார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறது, துரையின் அத்துமீறல் அதில் வருகிறது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' ஒற்றைக் காம்பராவில் அப்பா அம்மாவும் வளர்ந்த பிள்ளைகளும் நெருக்கிப் படுக்கிற சங்கடத்தைப் பேசுகிறது.

போடுவோம், உயர்தரப் பிள்ளைகளுக்கு என்று குறித்து. அந்த ஆசிரியைக்கு 'மீன்கள்' கதையில்தான் அதிகம் தயக்கம். அதே காம்பராவில் வளர்கிற பிள்ளைக்கு அதில் தெரியாதது ஒன்றும் இல்லை, தன் வீட்டுச் சங்கடத்தை ஒருவர் மரியாதையோடு எழுதியிருக்கிறார் என்பதுதான் புதிது. சின்னப் பிள்ளைகள் கேட்டால் வேறு கதை கொடுத்து, இரண்டு வருடம் கழித்து வரச் சொல்கிறேன். துன்பக்கேணியைப் பரிந்துரைத்த பிள்ளையோடு நாங்கள் தனியாக ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் கார்டைக் குத்துவோம்.

"சிங்களப் புத்தகம், சிங்களப் படம் எழுதலாமா?"

எழுதலாம். மார்ட்டின் விக்ரமசிங்கவின் 'மடொல்தூவ' (1947) தமிழிலும் வந்திருக்கிறது, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் படமாகவும் எடுத்தார். குறும்புக்காரப் பையன் ஒருவன் கூட்டாளியோடு வீட்டை விட்டுப் போய் ஒரு தீவில் பயிர் செய்கிறான். சிங்களம் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார்கள்.

"நாங்களும் நூலகம்தான் நடத்துறோம். ஊழியர்கள் எழுதும் கார்டைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை, ஏன்?"

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு அலங்காரமாக எழுதிக் குத்தி, மார்கழி வரை அப்படியே விட்டிருப்பீர்கள். அறிவுரை வாசனை வந்தால் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள். "வாழ்க்கைக்குப் பயன்படும்" என்ற சொல்லை விடுங்கள். நீங்கள் உண்மையில் இரவு விழித்து வாசித்ததை எழுதுங்கள், அது துப்பறியும் கதையாக இருந்தாலும். எங்கள் உதவியாளர் ஒருவர் பேய்ப் படங்களைப் பற்றி மட்டுமே எழுதுவார், அவருடைய கார்டுக்குத்தான் கூட்டம். பிள்ளைகள் சொன்ன புத்தகத்தை நீங்களும் வாசித்து, அந்தக் கார்டுக்குக் கீழே ஒரு வரி பதில் எழுதிப் பாருங்கள்.

"சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதினால் கண்டுபிடிப்பீங்களா?"

பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லாப் புத்தகமும் "மனித உணர்வுகளை ஆழமாகப் பேசுகிறது" என்று வரும். மலையக நூல்களைக் கேட்டால் இல்லாத புத்தகத்தையும் எழுதாத ஆளையும் சேர்த்துச் சொல்கிறது. அதை நம்பி அலுமாரியில் தேடி அலைந்த பிள்ளைகளும் உண்டு. எழுத்துப் பிழை பார்க்கப் பாவித்தால் பரவாயில்லை.

சந்தேகம் வந்தால் புத்தகத்தைக் கையில் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த இடத்தைக் காட்டச் சொல்வேன். வாசித்தவர் இரண்டு நிமிடத்தில் புரட்டி எடுத்துவிடுவார். எடுக்க முடியாவிட்டால் திட்டமாட்டேன், அந்தப் புத்தகத்தையே இரவல் பதிந்து கையில் கொடுத்து அனுப்புவேன்.